கத்தரிக்கோல் வைத்திருந்த போட்டோகிராஃபர்

இன்னைக்கு கதை 1949-ல, பிரான்ஸோட மார்செய் நகரத்துல ஆரம்பிக்குது.

லெ கொர்பூசியே வடிவமைச்ச பிரம்மாண்டமான அடுக்குமாடிக் குடியிருப்பு அங்கே எழும்பிக்கிட்டு இருக்கு. வேலை இன்னும் முடியலை. அதைப் பார்க்க வந்த ஒருத்தர் ஒரே நாள்ல சுமார் 650 படம் எடுக்கிறார். ஃபிலிம் காலம்ங்க, போன்ல பர்ஸ்ட் மோடு கிடையாது!

அவர் பேர் லூசியன் ஹெர்வே. 1910-ல ஹங்கேரியில பிறந்தப்போ வச்ச பேர் லாஸ்லோ எல்கான். 'ஹெர்வே' நாஜிகளுக்கு எதிரான தலைமறைவுப் போராட்டத்துல கிடைச்ச பேர். ஆர்க்கிடெக்சர் படிச்சவர் இல்லை, பாரிஸ்ல ஃபேஷன் துறையில வேலை பார்த்தவர். ஆனா படங்களைப் பார்த்த லெ கொர்பூசியே, இவருக்குள்ள ஒரு கட்டடக் கலைஞனோட மனசு இருக்குன்னு எழுதி, கூடவே சேர்த்துக்கிட்டார். 1965-ல கொர்பூசியே இறக்கும்வரை அந்தக் கூட்டணி நீடித்தது.

அப்படி என்ன செஞ்சார்? முழுக் கட்டடத்தையும் காட்டணும்னு அவர் கவலைப்படவே இல்லை. கேமராவைச் செங்குத்தா மேலேயோ கீழேயோ திருப்புவார். வெயில் உச்சத்துல இருக்கும்போது விழுற கருப்பு நிழலையும் வெள்ளைச் சுவரையும் மோத விடுவார். அப்புறம் பிரிண்ட்டை எடுத்து கத்தரிக்கோலால வெட்டுவார். அதே பாரிஸ்ல, எடுத்த ஃப்ரேமை வெட்டவே கூடாதுன்னு பிடிவாதமா இருந்தவர் கார்த்தியே-பிரெஸ்ஸோன். ஹெர்வேக்கு நெகட்டிவ் வெறும் முதல் டிராஃப்ட். வெட்டி முடிச்சா படிக்கட்டு சாய்ந்த கோடாகிடும், ஜன்னல் வரிசை கட்டமாகிடும்.

1955-ல சண்டிகர் வந்தார். அங்கேதான் எனக்கு ஒரு உறுத்தல். ஹைகோர்ட் முகப்புல இருக்கிற ஆழமான கான்கிரீட் கட்டங்கள் அழகுக்காக மட்டும் வச்சது இல்லை. வெயிலைத் தடுக்க வச்சது. படத்துல அது வெறும் பேட்டர்னா மாறிட்டா, அந்தச் சூடு எங்கே போச்சு? நானே என் ஆபீஸ் கட்டடத்தை ஜூம் பண்ணி எடுத்துட்டு, ஏசி பெட்டிகளை க்ராப் பண்ணித் தூக்கினவன்தான். லைக்ஸ் வந்துச்சு. பார்த்தவங்களுக்கு அது எந்த ஊர் கட்டடம்னே தெரியாது.

ஆனா ஹெர்வேகிட்ட ஒரு வித்தியாசம் இருக்கு. நிழல்தான் அவர் படத்துல பாதி இடத்தைப் பிடிக்குது; அதனால வெயில் முழுசா காணாமப் போகலை. பல படங்கள்ல ஒரு ஓரமா சின்னதா ஒரு ஆளையும் விட்டு வச்சிருப்பார். அவர் சண்டிகர் படங்கள் ஆன்லைன்ல கிடைக்கும். பெரிய திரையில பாருங்க. மொதல்ல கோடுகளைப் பாருங்க, அப்புறம் மெதுவா அந்த ஆளைத் தேடுங்க.