பிஷர் கைவினைஞர் கழகமும் சிற்றுரு மோட்டார் வண்டிகளும்

சிற்றுரு சமைத்தல் மனிதனுக்குப் புதிய தொழிலன்று. கட்டடமோ கப்பலோ எழுப்புமுன் அதன் சிறு வடிவை மரத்திலும் மெழுகிலும் மண்ணிலும் ஆக்கிப் பார்த்தல் பண்டுதொட்டு வரும் வழக்கம். ஆயின் எவரும் செலுத்தியிராத, செலுத்தப் போவதுமில்லாத மோட்டார் வண்டியொன்றை மனத்தில் எண்ணி, அதனை அடிக்கு ஓர் அங்குலமாகக் குறுக்கிச் செதுக்குவதை ஒரு நாட்டின் சிறுவர் பல்லாயிரவர் தம் இளமைப் பருவத்து முயற்சியாகக் கொண்டமை புதுமையே எனலாம். ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த அம்முயற்சிக்கு நிலைக்களமாய் அமைந்தது, 1930ஆம் ஆண்டு தொடங்கி 1968ஆம் ஆண்டு முடிந்த பிஷர் கைவினைஞர் கழகம். அதன் வரலாறு பரிசுப் போட்டியொன்றின் வரலாறாகவே பெரும்பாலும் கூறப்படுகின்றது. கைத்தொழில் தன் இடத்தை எவ்வாறு இழந்தது, இழந்த இடத்தில் எது வந்தமர்ந்தது என்பதை அறிய விழைவார்க்கும் அது தக்க சான்றாகும்.

பிஷர் குடும்பத்தார் வண்டி கட்டும் மரபினர். ஒகையோ மாநிலத்து நோர்வோக் என்னும் ஊரில் தந்தை குதிரை வண்டி கட்டினார். மைந்தர் எழுவர். அவருள் மூத்தவராகிய பிரெட், சாள்ஸ் என்னும் இருவர் 1908ஆம் ஆண்டு டெற்றோயிற் நகரில் மோட்டார் வண்டிகளுக்குக் கூடு கட்டும் நிறுவனத்தை நிறுவினர். எந்திரமும் சக்கரமும் தாங்கிய அடிச்சட்டத்தின் மேல், ஆட்கள் அமரும் பகுதியை மரச்சட்டத்தாலும் உலோகத் தகட்டாலும் அமைப்பதே அவர் தொழில். 1919ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் அதன் ஐந்தில் மூன்று பங்கை வாங்கிற்று. 1926இல் எஞ்சியதும் அதன் உடைமையாயிற்று. நெப்போலியன் காலத்து அரச வண்டியின் உருவத்தைப் பிஷர் நிறுவனம் தன் இலச்சினையாகக் கொண்டிருந்தது. எந்திரத்தால் ஓடும் வண்டிக்குக் குதிரை வண்டியை இலச்சினையாக்கியது பொருத்தமோ எனின், அதில் ஒரு கருத்து உண்டு. தம் தொழில் தச்சர் மரபில் வந்தது என்று உலகிற்குக் காட்ட அவர்கள் விரும்பினர்.

கழகம் தொடங்கியது பொருளாதார மந்தம் நாட்டைக் கவ்விய காலம். பன்னிரண்டு வயது முதற்கொண்டு சிறுவர் கழகத்திற் சேரலாம். இலச்சினையிற் கண்ட நெப்போலியன் வண்டியைச் சிற்றுருவாகச் செய்தனுப்புதல் வேண்டும் என்பது நிபந்தனை. வரைபடத்தையும் அளவுகளையும் கழகமே வழங்கியது; பிறவெல்லாம் சிறுவன் தன் கையாற் செய்தல் வேண்டும். சக்கரத்தின் ஆரங்களை இழைத்தல், கதவின் கீல்களை அராவுதல், பித்தளையில் அணிவேலை செய்தல், உள்ளிருக்கைக்குத் துணி தைத்தல், வர்ணம் பூசுதல் எனத் தச்சன், கொல்லன், தையற்காரன், ஓவியன் ஆகிய நால்வர் தொழிலும் ஒருவன் கையில் வந்து கூடின. ஆயிரம் மணிநேரத்துக்கு மேல் உழைத்தவரும் உளர். முதற் போட்டியில் நால்வர்க்கு ஒவ்வொருவருக்கும் 5000 டொலர் பல்கலைக்கழகப் புலமைப் பரிசிலாக வழங்கப்பட்டது. அந்நாளில் 600 டொலருக்குள்ளேயே புதிய செவ்ரொலே வண்டியொன்றை வாங்கலாம் என்பதை நோக்கின் பரிசின் பெருமை விளங்கும். தந்தை வேலையிழந்த வீட்டில் உயர்கல்விக்கு வழிதேடிய சிறுவனுக்கு அச்சிறு வண்டி விளையாட்டுப் பொருளாக இருந்திராது.

இப்போட்டியில் திறமை ஒன்றே அளக்கப்பட்டது, கற்பனைக்கு இடமில்லை. தந்த வடிவில் இருந்து இம்மியும் பிறழாது செய்பவனே வென்றான். பழைய பட்டறையில் குருவின் கண்முன் சீடன் பழகும் முறையும் அதுவே. ஆனால் எந்தப் பட்டறையை நினைந்து கழகம் இப்பயிற்சியை வகுத்ததோ, அப்பட்டறை பிஷர் நிறுவனத்துள்ளேயே மறைந்துகொண்டிருந்தது. 1935ஆம் ஆண்டு வண்டிகளுக்கு, ஒரே உருக்குத் தகட்டைப் பேரழுத்திகளால் அழுத்திக் கூரை அமைக்கும் முறை வந்தது. அதன்பின் சில ஆண்டுகளில் கூட்டின் மரச்சட்டமும் நீங்கி முழுவதும் உருக்காயிற்று. உளியும் இழைப்புளியும் பிடித்த கைகளுக்கு அங்கே வேலை குறைந்தது.

1936ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ற் நகரில் அதே பிஷர் பெயர் தாங்கிய தொழிற்சாலைகளிலே தொழிலாளர் வேலையை நிறுத்தி உள்ளேயே அமர்ந்துவிட்டனர். தொடர்வரிசையின் தாங்கொணா வேகமும், தம் தொழிற்சங்கத்தை நிறுவனம் ஏற்க மறுத்ததும் அவர்தம் முதன்மையான குறைகள். நாற்பத்து நான்கு நாட்கள் நீடித்த அப்போராட்டம் 1937 பெப்ரவரி 11ஆம் நாள், நிறுவனம் சங்கத்தை ஏற்றுக்கொண்டதோடு முடிந்தது. மைந்தரை நோக்கிக் கைவினையின் மாண்பைப் போற்றிய நிறுவனம், தந்தையரின் கையை ஒரே அசைவை நாள் முழுதும் செய்யும் பொறியாக மாற்றியிருந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்காத வரலாறு முழுமையானதன்று.

அதே 1937ஆம் ஆண்டிலேதான் கழகத்தின் போட்டியில் பெரியதொரு மாற்றம் புகுந்தது. நெப்போலியன் வண்டியோடு, சிறுவர் தாமே எண்ணிய மோட்டார் வண்டியின் சிற்றுருவையும் செய்தனுப்பலாம் என்று விதித்தனர். தொழிற்சாலைக்கு இனித் தேவைப்பட்டவன் நுண்ணிதாகச் செதுக்கும் தச்சனல்லன். இனி வரும் வண்டியின் தோற்றத்தை முன்கூட்டிக் காணும் வடிவமைப்பாளன். இத்தேவையை உண்டாக்கியவருள் முதல்வர் ஹார்லி ஏர்ல். லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் வண்டி கட்டிய தந்தைக்கு மகனாய்ப் பிறந்து, திரைப்பட நடிகருக்குத் தனிவகை வண்டிகள் அமைத்துக் கொடுத்த அவரை ஜெனரல் மோட்டர்ஸ் 1927இல் அழைத்து, கலையும் வர்ணமும் பற்றிய தனிப் பிரிவை ஒப்படைத்தது. களிமண்ணிற் சிற்றுருவும் பின்னர் முழு உருவும் பிசைந்து, கண்ணால் நோக்கி, கையால் தடவித் திருத்தும் முறையை அவர் அங்கே நிலைபெறச் செய்தார்.

சிறுவரும் அம்முறையையே பின்பற்றினர். முதலில் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் முன்னிருந்தும் காணும் தோற்றங்களைத் தாளில் வரைவர். அவற்றின் விளிம்புகளை அட்டையில் வெட்டி அளவுத்தகடாக்குவர். களிமண்ணில் உருவைத் திரட்டி, தகட்டை அதன்மேல் வைத்து, மேடுபள்ளம் பார்த்துச் சீவுவர். தாளில் அழகாகத் தோன்றிய கோடு மண்ணில் சிலவேளை முதுகு கூனி நிற்கும். அங்கேதான் சிறுவனுக்கு வடிவம் பற்றிய அறிவு பிறக்கின்றது. பின் மரத்துண்டிற் செதுக்குவோரும், களிமண் உருவிலிருந்து அச்செடுத்துப் பாரிசுச் சாந்து வார்ப்போரும் எனப் பலதிறப்பட்டனர். மரத்தின் துளைகளை அடைத்து, மணற்கடதாசியால் தேய்த்து, வர்ணம் பூசி, மீண்டும் தேய்த்து, மீண்டும் பூசுவர். வளைந்த பரப்பில் ஒளி விழும்போது சிறு நெளிவும் பெருங்குறையாய்த் தெரியும். ஆதலால் இத்தேய்ப்பு வேலை மாதக்கணக்கில் நீண்டது. முகப்பின் வெள்ளிநிற அணிகளைப் பித்தளையிலோ அலுமினியத்திலோ அராவிப் பொருத்தினர். விற்பனைக்குள்ள வண்டியைப் பார்த்துச் செய்தது பரிசு பெறாது. புதுமையும் செய்நேர்த்தியும் சேர்ந்தே மதிப்பிடப்பட்டன.

இரண்டாம் உலகப் போரின்போது நின்றிருந்த போட்டி 1946இல் மீண்டும் தொடங்கிற்று. சில ஆண்டுகளில் நெப்போலியன் வண்டி கைவிடப்பட, கற்பனை வண்டி மட்டுமே எஞ்சியது. 1950களின் சிற்றுருக்களில் ஆகாய விமானத்தின் சாயல் படிந்திருக்கக் காணலாம். அதற்குக் காரணம் தேடிச் செல்ல வேண்டியதில்லை. 1954இல் ஏர்ல் பொதுமக்கள் பார்வைக்கு வைத்த ‘பயர்பேட்’ என்னும் வண்டி, சிறகும் வாலும் உடையதாய், விமானத்தைப் போலச் சுழலி எந்திரத்தால் இயங்குவதாய் இருந்தது. இந்தியானாபொலிஸ் பந்தயத்தில் மும்முறை வெற்றிபெற்ற மௌரி றோஸ் அதனை ஓட்டிச் சோதித்தார். அதன்பின் கூரிய மூக்கும் கண்ணாடிக் குமிழும் கொண்ட ஓட்டவண்டிகள் சிறுவர் மேசைகளில் பெருகியமை வியப்பன்று. தம் கற்பனை என்று அவர்கள் கருதியதில் நிறுவனத்தின் கற்பனையும் கலந்திருந்தது.

நிறுவனம் பெற்ற பயனும் சிறிதன்று. 1947இல் முதிர்ந்தோர் பிரிவில் முதற்பரிசு வென்ற சாள்ஸ் ஜோர்டன், மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்ற மாணவர். 1949இல் ஜெனரல் மோட்டர்ஸில் அமர்ந்து, 1986 முதல் 1992 வரை அதன் வடிவமைப்புத் துறைக்கு உபதலைவராய் விளங்கினார். அவரைப் போலக் கழகத்தின் வழி வந்து வடிவமைப்பாளராயினோர் பலர். ஆயினும் கழகத்தின் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. தொடக்கம் முதல் இறுதி வரை சிறுமியர் சேர்க்கப்படவேயில்லை. 1950களில் ஏர்ல் தம் பிரிவில் பெண் வடிவமைப்பாளர் சிலரை நியமித்த பின்னரும் அவ்விதி தளரவில்லை. இது அக்காலத்தின் இயல்பு என்று கூறிக் கடந்துவிடுதல் எளிது. அந்த அலுவலகத்திலேயே பெண்கள் அமர்ந்து வரைந்துகொண்டிருந்தமையால் அவ்விடை போதாது.

1958ஆம் ஆண்டு ஏ.எம்.ரி. என்னும் நிறுவனம் பிளாஸ்ரிக்கில் வார்த்த சிற்றுருப் பெட்டிகளை விற்கத் தொடங்கிற்று. ஒரே பெட்டியிலுள்ள உறுப்புகளைக் கொண்டு கடையில் விற்கும் வண்டியாகவோ, விரும்பியவாறு மாற்றிய தனிவகை வண்டியாகவோ, பந்தய வண்டியாகவோ ஒட்டி முடிக்கலாம். ஓரிரு மாலைப்பொழுதில் வேலை முற்றுப்பெறும். தனக்கென ஒரு வண்டியை எண்ணிப் பார்க்கும் இன்பத்தை இப்பெட்டியும் தந்தது. மூன்று வழிகளுக்குள் தந்தது. வர்ணமும் ஒட்டுபசையும் கொண்டு அம்மூன்றைக் கடந்து சென்ற சிறுவரும் இருந்தனர். எனினும் கழகத்திற்காகக் குளிர்கால முழுதும் மரத்தைத் தேய்க்கும் பொறுமையோடு இது ஒப்பிடத்தக்கதன்று.

1968இல் போட்டி நிறுத்தப்பட்டது. பெயர் பதிந்த சிறுவருள் சிற்றுருவை முடித்தனுப்பியோர் எக்காலத்தும் சிறுபான்மையினரே. அவர்கள் செய்தவற்றுட் சில இன்று வாஷிங்டனிலுள்ள தேசிய அமெரிக்க வரலாற்று அரும்பொருளகத்தில் பேணப்படுகின்றன. நெப்போலியன் வண்டியும் கற்பனை மோட்டார் வண்டியும் அத்தொகுதியில் ஒருங்கே உள்ளன. முன்னையதன் மூலவண்டி ஒருகால் பாரிஸ் வீதியிற் சென்றது. பின்னையதற்கு மூலமென்று சொல்ல எங்கும் ஒன்றுமில்லை.