ஒரு பெயர், இரு நிரல்கள்: டெபியன் வழங்கலில் கோப்பு மோதலும் பெயருரிமையும்

முன்னுரை

லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு மென்பொருள் பொதியை நிறுவ முயலும்போது, அதிலுள்ள கோப்பு ஏற்கெனவே வேறொரு பொதிக்கு உரியது என்னும் அறிவிப்புடன் பணி இடையில் நின்றுவிடுவதுண்டு. இதனைக் கோப்பு மோதல் என்பர். பயனர் குறிப்புகள் பெரும்பாலும் இதனை ஒரு கட்டளையால் கடந்துவிடத்தக்க தடையாகவே காட்டுகின்றன. ஆனால் 1990களிலிருந்து இச்சிக்கல் கையாளப்பட்ட முறையை நோக்கினால், கருவிகள் மோதலைக் கண்டறிவதோடு நின்றன என்பதும், பெயர் யாருக்கு உரியது என்ற வினாவை மனிதர்களே பேசித் தீர்க்க வேண்டியிருந்தது என்பதும் புலனாகும். டெபியன் வழங்கலின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

உரிமைப் பதிவேடு

தொடக்கக் கால வழங்கல்களில் பொதி என்பது சுருக்கிக் கட்டிய கோப்புத் திரட்டே. 1993இல் பேட்ரிக் வோல்கர்டிங் வெளியிட்ட ஸ்லாக்வேரில் ஒரு திரட்டை விரித்தால், அதே பாதையில் முன்பிருந்த கோப்பின் மேல் புதியது ஓசையின்றி எழுதப்பட்டுவிடும். எந்தப் பொதி எக்கோப்புகளைக் கொண்டுவந்தது என்ற பட்டியல் அதிலும் இருந்தது. பொதியை நீக்கும்போது அப்பட்டியல் பார்க்கப்பட்டது, நிறுவும்போது பார்க்கப்படவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் இயன் மர்டாக் டெபியன் திட்டத்தை அறிவித்தார். அதன் பொதி மேலாளரான டிபிகேஜியின் மையப் பகுதியை 1994இல் இயன் ஜாக்சன் சி மொழியில் மாற்றி எழுதினார். நிலப் பதிவேட்டில் ஒரு மனைக்கு ஓர் உரிமையாளர் இருப்பதுபோல, இதில் ஒரு பாதைக்கு ஒரு பொதியே உரிமை கொண்டாட முடியும். வேறொரு பொதி அப்பாதையைக் கோரினால் நிறுவல் நின்றுவிடும். 1995இல் ரெட்ஹாட் வழங்கலுடன் வந்த ஆர்பிஎம் சற்று நெகிழ்வானது. இரு பொதிகளின் கோப்புகள் உள்ளடக்கத்தில் முற்றும் ஒத்திருந்தால் இரண்டையும் அது ஏற்கும். டிபிகேஜி அதற்கும் இடந்தருவதில்லை. ஒரே பொதியை வெவ்வேறு செயலிக் கட்டமைப்புகளுக்கு அருகருகே நிறுவும் நேர்வில் மட்டும், 2013இல் வெளிவந்த ஏழாம் பதிப்பிலிருந்து விலக்கு உண்டு.

தடையோடு வழிகளும் வகுக்கப்பட்டன. ஒரு கோப்பு ஒரு பொதியிலிருந்து மற்றொன்றிற்கு இடம்பெயர்ந்தால், புதிய பொதி பழையதன் கோப்பை மாற்றீடு செய்வதாகத் தன் விவரக்குறிப்பில் அறிவிக்கலாம். மற்றொரு பொதியின் கோப்பை வேறு பெயருக்குத் திருப்பிவிடலாம். ஒரே பணியைச் செய்யும் நிரல்கள் பல இருப்பின், 'விஐ' என்னும் பெயரை விம் முதலிய தொகுப்பிகள் பகிர்வதுபோல, பொதுப்பெயரை இணைப்பாக வைத்து எதைச் சுட்டுவதெனத் தேர்ந்துகொள்ளலாம். இவற்றைப் புறக்கணித்து வலிந்து மேலெழுதும் தெரிவும் உண்டு. அதன் விலை உடனே தெரிவதில்லை. பின்னொரு நாள் புதிய பொதியை நீக்கினால் கோப்பும் உடன்போய்விடும். பழைய பொதி நிறுவப்பட்டதாகப் பதிவேட்டில் இருந்தும் இயங்காது. ஆர்ச் லினக்ஸின் பேக்மேன் 2018இல் பொதுவான வலிந்தெழுதலைக் கைவிடத் தொடங்கி, எப்பாதையை மேலெழுதலாம் எனப் பயனரே சுட்டிக்கூறும் முறைக்கு மாறியது காலங்கடந்த திருத்தமெனினும் சரியானதே.

'நோட்' வழக்கு

மேற்கண்ட வழிகளுள் எதுவும் உதவாத நேர்வு ஒன்றுண்டு: இரு நிரல்களும் வெவ்வேறு பணி செய்பவை; பெயர் மட்டும் ஒன்று. டெபியன் கொள்கைக் கையேடு இதனை அனுமதிப்பதில்லை. ஒன்றின் பெயர் மாற வேண்டும். உடன்பாடு எட்டாவிடில் இரண்டின் பெயரும் மாற வேண்டும் என்பதே அவ்வழக்கின்போது இருந்த விதி. இவ்விதியின் கடுமை திட்டமிட்டதாகவே தோன்றுகிறது. பிடிவாதத்தால் இருவரும் இழப்பர் என்றால் பேச்சுக்கு இருவரும் வருவர்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் 'கிட்' மென்பொருளை எழுதியபோது, டெபியனில் அப்பெயர் குனூ ஊடாடு கருவிகள் என்னும் பழைய தொகுப்பிடம் இருந்தது. ஆகவே புதியது 'கிட்-கோர்' என்னும் பொதிப்பெயருடன் காத்திருந்து, 2011இல் வெளிவந்த ஆறாம் பதிப்பில்தான் 'கிட்' ஆனது. இங்கு விட்டுக்கொடுப்பு சச்சரவின்றி முடிந்தது.

'நோட்' வழக்கு அவ்வாறன்று. அமெச்சூர் வானொலியின் ஏஎக்ஸ்.25 வலைப்பின்னலுக்குரிய சிறு நிரல் ஒன்று அப்பெயரை நெடுங்காலம் வைத்திருந்தது. 2009இல் ரையன் டால் உருவாக்கிய நோட்.ஜேஎஸ் விரைவில் பரவியது. அதற்காக எழுதப்பட்ட எண்ணற்ற நிரல்கள் தம் முதல் வரியிலேயே 'நோட்' என்னும் கட்டளையை அழைத்தன. பயனர் எண்ணிக்கையில் இருதரப்புக்கும் ஒப்பீடே இல்லை. எனினும் வானொலி நிரல் பிற சேவைகளின் அமைவுக் கோப்புகளிலிருந்து ஆளின்றித் தொடங்கப்படுவது. எளிதில் சென்றடைய இயலாத இடங்களில் இயங்கும் நிலையங்கள், பெயர் மாறினால் இணைப்பிழக்கக்கூடும் என்ற அவர்தம் அச்சம் பொருளற்றதன்று.

இங்கு நுட்பமொன்று கவனிக்கத்தக்கது. வானொலி நிரல் 'எஸ்பின்' அடைவிலும், நோட்.ஜேஎஸ் கோரிய இடம் 'பின்' அடைவிலும் இருந்தன. முழுப்பாதைகள் வேறானமையால் டிபிகேஜி இரண்டையும் மறுப்பின்றி நிறுவியிருக்கும். மோதல் நிகழ்வது கட்டளையைத் தட்டச்சு செய்யும் பயனரின் தேடல்பாதை வரிசையில்தான். அதனைப் பதிவேடு காண்பதில்லை. கொள்கைக் கையேட்டைப் படித்த மனிதர்களே அதனைக் கண்டனர்.

வழக்கு டெபியனின் நுட்பக் குழுவிடம் சென்றது. 2012இல் அக்குழு ஏறத்தாழ இருவரையும் பெயர் இழக்கச் செய்தது: வானொலி நிரல் 'ஏஎக்ஸ்25-நோட்' ஆனது, மற்றது 'நோட்ஜேஎஸ்' என்னும் கட்டளையானது. பழம்பெயரை வேண்டுவோருக்கு இணைப்பை மட்டும் தரும் தனிப்பொதி ஒன்று அனுமதிக்கப்பட்டது. ஆயின் வேறெந்தப் பொதியும் அதனைச் சார்ந்திருத்தல் கூடாது. இத்தீர்ப்பால் பிற இயங்குதளங்களில் ஓடிய நிரல்கள் டெபியனில் மட்டும் தடுமாறின. பொதியாக்குவோர் ஒவ்வொன்றின் முதல் வரியையும் திருத்த வேண்டியதாயிற்று. 2017இல் குழு தன் முடிவை விலக்கிக்கொண்டது. 'நோட்' என்னும் கட்டளை நோட்.ஜேஎஸ் பொதிக்கே சென்றது. இடைக்காலப் பெயரான 'நோட்ஜேஎஸ்' அதன்பின் வந்த பதிப்புகளிலும் 'நோட்' கோப்பைச் சுட்டும் இணைப்பாகத் தொடர்ந்தது.