காற்றலையில் முறை வைத்த கதை

1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆபிரம்சனின் குழு கணினிகளை வானொலி அலையால் இணைத்து அலோஹாநெட்டை இயக்கியது. வேகம் நொடிக்கு வெறும் 9,600 பிட். முனையங்கள் எல்லாம் மையக் கணினியோடு பேச ஒரே அலைவரிசைதான். யார் எப்போது பேசுவது என்று அங்கே யாரும் முறை வைக்கவில்லை. அனுப்பத் தோன்றும்போது அனுப்பு. இன்னொருவர் செய்தியோடு மோதிச் சிதைந்தால், ஏதோ சிறிது நேரம் பொறுத்து மறுபடி அனுப்பு. எளிமைதான், ஆனால் இந்த ஏற்பாட்டில் அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18 விழுக்காடுதான் பயன்படும் என்று கணக்கு காட்டியது. மற்றது மோதலிலும் வெறுமையிலும் போய்விடும். நேரத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்தின் தொடக்கத்தில் மட்டும் பேசச் சொன்னால் அது 37 ஆகும் என்று லாரி ராபர்ட்ஸ் அடுத்த ஆண்டே காட்டினார். கருவியின் வேகம் கூடவில்லை, ஒழுங்கு வந்தது, பயன் இரட்டித்தது. வைஃபையின் பிற்கால வரலாறு முழுவதும் இந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்ப மறந்து, திரும்பத் திரும்பக் கற்ற கதை என்றே எனக்குப் படுகிறது.

1985-இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட சில பட்டைகளை உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்தது. மைக்ரோவேவ் அடுப்புகளின் இரைச்சல் நிறைந்த, யாரும் பெரிதாகக் கேட்காத பட்டை அது. கடைகளின் கல்லாப்பெட்டிகளைக் கம்பியில்லாமல் இணைக்க விரும்பிய என்.சி.ஆர். நிறுவனத்துக்கு அதுவே போதுமாயிருந்தது. அங்கிருந்த விக் ஹேய்ஸ் தலைமையில் கூடிய குழு 1997-இல் வைஃபையின் அடிப்படையான 802.11 என்ற தரத்தை வெளியிட்டது. உச்ச வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999-இல் அது 11 ஆனது. பேசுமுன் காது கொடுத்துக் கேள், காற்று ஓய்ந்திருந்தால் பேசு என்பது இதன் விதி. அலோஹாவைவிட நாகரிகம்தான். ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. 2003-இல் கிரெனோபிள் ஆய்வாளர்கள் அதைச் சுட்டினார்கள்: தொலைவில் இருந்து 1 மெகாபிட்டில் திணறும் ஒரே ஒரு கணினி, அருகில் 11-இல் ஓடும் மற்ற எல்லாவற்றையும் ஏறக்குறையத் தன் வேகத்துக்கே இழுத்துவிடும். விதி ஒவ்வொருவருக்கும் சம எண்ணிக்கையில் தரவுப் பொட்டலங்களைக் கொடுத்தது, சம நேரத்தைக் கொடுக்கவில்லை. ஏரிப்பாசனத்தில் நாழிகைக் கணக்கில் மடை திறந்த நீர்கட்டிக்கு இது எடுத்த எடுப்பிலேயே தெரிந்திருக்கும்.

தாமதத்துக்கு இன்னொரு ஊற்று நினைவகம் மலிவானதில் இருந்து வந்தது. ஒரு பொட்டலமும் தொலையக்கூடாது என்று ரௌட்டர்களிலும் மோடம்களிலும் பெரிய பெரிய காத்திருப்பு அறைகளை வைத்தார்கள். பெரிய கோப்பு ஒன்று மேலேறும்போது அந்த அறை நிரம்பி வழிய, பின்னால் வந்த வீடியோ அழைப்பின் சிறு பொட்டலம் நொடிக்கணக்கில் கூட நிற்க நேர்ந்தது. 2010-இல் ஜிம் கெட்டிஸ் இதை உரக்கச் சொன்னார். 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும், அதிக நேரம் வரிசையில் நின்றதை வேண்டுமென்றே கைவிடும் கோடெல் முறையைத் தந்தார்கள். இழக்கத் துணிந்தால்தான் விரைவு கிடைக்கும் என்பது விற்பனைப் பெட்டியின் மேல் அச்சிட ஏற்ற வாசகம் அல்ல. அதனால் பெட்டிகளில் மெகாபிட் மட்டுமே பெரிய எழுத்தில் நின்றது.

யாரை வரிசையில் சேர்ப்பது என்பதும் இதே கேள்விதான். வைஃபையின் முதல் பூட்டான வெப் (WEP), அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளுக்கு இணங்க 40 பிட் சாவியோடு வந்தது. 2001-இல் ஃப்ளூரர், மான்டின், ஷமிர் மூவரும் அதன் அடித்தளமே ஓட்டை என்று நிறுவினார்கள். 2003-இல் டபிள்யூ.பி.ஏ., அடுத்த ஆண்டு அதன் இரண்டாம் பதிப்பு, 2018-இல் மூன்றாவது. இடையில் பலர் பிணையத்தின் பெயரை மறைத்தும், அனுமதித்த கருவிகளின் முகவரிப் பட்டியலை வைத்தும் நிம்மதி அடைந்தார்கள். அந்த முகவரி காற்றில் வெளிப்படையாகவே போகிறது. எவரும் படித்துத் தன்னுடையதாகப் போட்டுக்கொள்ளலாம். இந்தியாவில் 2.4 பட்டைக்கு 2005-இல் உரிமத் தேவை விலக்கப்பட்டது. 2008 குண்டுவெடிப்புகளின்போது பிறருடைய பூட்டாத வைஃபையைப் பயன்படுத்தி மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்ட பிறகே பூட்டின் தேவை குறித்து அரசு விழித்தது.

பூட்டுவது பகிர்வைக் கொல்லாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 2003 வாக்கில் ஐரோப்பாவில் முளைத்த எடுரோம், ஒரு பல்கலைக்கழகத்தின் கணக்கோடு பிற நாட்டு வளாகங்களிலும் இணைய வழி செய்தது. அடையாளம் கேட்டுக்கொண்டே தாராளமாக இருக்க முடியும் என்பதற்கு அது சான்று. வேகம் போதுமான அளவு கூடினால் வரிசையே தேவைப்படாது என்பது மற்றொரு வாதம். 2021-இல் ஒப்புதல் பெற்ற 802.11ax, அதாவது வைஃபை 6, அதற்குப் பதில் சொல்லிவிட்டது. அலைவரிசையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து எந்தக் கருவிக்கு எப்போது எது என்று ரௌட்டரே ஒதுக்குவதுதான் அதன் முக்கியப் புதுமை. வீட்டிலும் இப்படி முறை வைக்கலாம். 2.4 பட்டையில் ஒன்றோடொன்று உரசாத தடங்கள் 1, 6, 11 என்ற மூன்றே. அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் அண்டை வீட்டாரோடு பேசி அவற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். நகராத கணினிக்குக் கம்பியையே செருகி, காற்றை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுங்கள்.