நிலைச்சுருள்: ஒரு தொழிலின் வரலாறும் சிஸ்டீனும்

தலைமுடியில் நீங்காத சுருளை ஏற்றும் நிலைச்சுருள் தொழில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் உருவாகி, அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் மின்சூட்டைக் கைவிட்டு வேதிக் கரைசலுக்கு மாறியது. அத்தொழில் தொடக்கம் முதலே, தான் அறியாமலேயே, சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தின் மீதே இயங்கிவந்தது. உடலின் புரதங்கள் இருபது வகை அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலிகள் எனலாம். அவற்றுள் கந்தகம் கொண்டவை மெத்தியோனின், சிஸ்டீன் ஆகிய இரண்டு மட்டுமே. சிஸ்டீனில் கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு முனை உண்டு. இரண்டு சிஸ்டீன்கள் அருகருகே அமைந்து அந்த ஹைட்ரஜனை இழக்கும்போது அவற்றின் கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. இதுவே இரட்டைக் கந்தகப் பிணைப்பு. முடிக்கும் நகத்துக்கும் உறுதி தரும் கெரட்டின் என்னும் புரதத்தில் இப்பிணைப்பு மிகுதி. முடி பொசுங்கும்போது எழும் நாற்றத்திற்கும் அந்தக் கந்தகமே முதன்மைக் காரணம்.

நிலைச்சுருளுக்கு முன்னோடியாக இருந்தது, பாரிஸில் மார்செல் கிராதோ 1872ஆம் ஆண்டு வாக்கில் புகுத்திய சூட்டுக்கோல் முறை. காய்ச்சிய இடுக்கியால் முடியை அலை அலையாக மடித்த அம்முறை பெரும்புகழ் பெற்றதெனினும், அந்த அலை ஈரம் பட்டதும் குலைந்துவிடும். புரதச் சங்கிலிகளுக்கு இடையே கந்தகப் பிணைப்புகளோடு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்னும் வலுக்குறைந்த பிணைப்புகளும் உண்டு. நீரும் சூடும் தளர்த்துவது இவற்றையே என்பதால், கந்தகப் பிணைப்புகள் பழைய இடத்திலேயே நின்று, நனைந்த முடியைத் தம் பழைய வடிவத்துக்கே இழுத்துச் சென்றன.

இதைக் கடந்தவர், ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் 1872இல் பிறந்து லண்டனில் தொழில் நடத்திய கார்ல் நெஸ்லர். அவர் தம் முறையை 1906 அக்டோபர் 8 அன்று ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் மக்கள் முன் செய்து காட்டினார். காரக் கரைசலில் நனைத்த முடிக்கற்றைகள் பித்தளை உருளைகளில் சுற்றப்பட்டுச் சூடேற்றப்பட்டன. ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையுள்ள அவ்வுருளைகள் தலையை அழுத்தாதபடி மேலிருந்து எதிர்எடைகளால் தாங்கப்பட, வாடிக்கையாளர் ஏறத்தாழ ஆறு மணி நேரம் அசையாமல் அமர்ந்திருக்க வேண்டியிருந்தது. நெஸ்லரின் மனைவி காத்தரினாவின் தலையில் செய்த முதல் சோதனைகளில் முடி கருகியதோடு தோலும் வெந்துபோயிற்று. முதல் உலகப் போரின்போது அமெரிக்கா சென்ற நெஸ்லர் அங்கே தொழிலை விரிவாக்கினார்; சிகாகோவில் பணியாற்றிய மார்ஜரி ஜாய்னர் என்னும் கறுப்பினப் பெண்மணி 1928இல் ஒரு நிலைச்சுருள் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். இம்முறையில் காரமும் சூடும் சேரும்போது முடியின் கந்தகப் பிணைப்புகளில் ஒரு பகுதி அறுந்து, ஒற்றைக் கந்தகம் மட்டும் கொண்ட புதிய பிணைப்புகளாக மாறுகிறது. கம்பளியில் உருவாகும் அத்தகைய பொருளுக்கு லாந்தியோனின் என்ற பெயர் அமைந்தது 1941இல்தான். அதற்குள் தொழில் முப்பத்தைந்து ஆண்டுகளைக் கடந்திருந்தது.

சிஸ்டீனைப் பற்றிய அறிவோ முற்றிலும் வேறு வழியில் வளர்ந்தது. சிறுநீர்ப்பையில் தோன்றிய கல் ஒன்றை ஆராய்ந்த வில்லியம் உல்லாஸ்டன் 1810இல் ஒரு புதிய பொருளைக் கண்டார். சிறுநீர்ப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே, இரண்டு சிஸ்டீன்கள் இணைந்த அப்பொருளுக்குச் சிஸ்டின் என்ற பெயர் அமைந்தது. அதனை இரண்டாகப் பிளந்து 1884இல் சிஸ்டீனைப் பெற்றவர் பாமன். சிஸ்டின் நோயின் கழிவு மட்டுமன்று, புரதத்தின் உறுப்பு என்பது 1899இல் மோர்னர் அதனைக் கொம்பிலிருந்து பிரித்தெடுத்தபோது தெளிவாயிற்று.

இந்த இரண்டு வழிகளும் 1930களில் சந்தித்தன. கம்பளி ஆலைகள் நிறைந்த இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஆஸ்ட்பரியும் ஸ்பீக்மனும் கம்பளி இழை நீண்டு சுருங்கும் விதத்தை ஆராய்ந்தனர். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் காடர்டும் மைக்கேலிஸும், தயோகிளைகாலிக் அமிலம் காரக் கரைசலில் கெரட்டினின் கந்தகப் பிணைப்புகளைச் சூடின்றியே அவிழ்ப்பதை 1934இல் காட்டினர். அந்த அறிவின் மேல் எழுந்த குளிர்ச்சுருள் முறை 1940களில் பரவியது. முடியைச் சிறு கோல்களில் சுற்றி அக்கரைசலை ஊற்றினால், கரைசல் தரும் ஹைட்ரஜனை ஏற்றுக் கந்தகங்கள் கைவிட்டுப் பிரிகின்றன. நெகிழ்ந்த சங்கிலிகள் கோலின் வளைவுக்கேற்ப நகர்கின்றன. பின்னர் முடியை அலசி ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஒரு பொருளைத் தடவ, அது அந்த ஹைட்ரஜனைப் பறித்துக்கொள்வதால் கந்தகங்கள் புதிய துணையோடு மீண்டும் பூட்டிக்கொள்கின்றன. ஆறு மணி நேரச் சூட்டுவேலை வீட்டிலேயே செய்துகொள்ளும் வேலையாகச் சுருங்கியது. அத்தகைய வீட்டுப் பெட்டிகளை விற்ற டோனி நிறுவனத்தை ஜில்லட் 1948இல் 2 கோடி டாலருக்கு வாங்கியது.

கண்ணுக்குத் தெரியும் முடி உயிரற்றது என்பதாலேயே இத்தொழில் இயன்றது. உயிருள்ள உடலிலும் இதே பூட்டுதலும் அவிழ்த்தலும் ஓயாமல் நிகழ்கின்றன. ஆனால் அங்கே அது உயிரைக் காக்கும் வேலை. 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலினின் இரு சங்கிலிகளைச் சேர்த்துப் பிடிப்பவை சிஸ்டீன்களின் கந்தகங்களே என்பதை சாங்கர் 1955க்குள் நிறுவினார். ஹாப்கின்ஸ் 1921இல் பெயரிட்ட குளூட்டாதயோன், சிஸ்டீனோடு குளூட்டமிக் அமிலமும் கிளைசினும் சேர்ந்த சிறு சேர்மம். செல்லுக்குள் தோன்றும் தீங்கான ஆக்சிஜன் சேர்மங்களைத் தன் கந்தக முனையால் அது தணிக்கிறது. பாராசிட்டமால் அளவுமீறிக் கல்லீரலில் குளூட்டாதயோன் தீர்ந்துபோகும்போது மருத்துவர்கள் அசிட்டைல் சிஸ்டீனைக் கொடுப்பதும், அந்த இருப்பை மீட்டு உயிர் காக்கவே.

இன்று தமிழ்நாட்டு அழகு நிலையங்களில் சுருள்முடியை நேராக்கும் ரீபாண்டிங் முறையும் இதே வேதியியலின் மறுபக்கமே. பிணைப்புகளை அவிழ்த்து மறுபடி கட்டுவது என்னும் பொருளைத் தாங்கியிருப்பதால், நிலைச்சுருள் என்ற பழைய பெயரைவிட இப்பெயரே தொழிலின் உண்மையை நேராகச் சொல்கிறது. எனினும் அவிழ்த்துக் கட்டப்படுவது ஏற்கெனவே வளர்ந்த முடி மட்டுமே. வேரிலிருந்து மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் எழும் புதுமுடியில் சிஸ்டீன்களை உடல் தன் முறைப்படியே பூட்டுகிறது. நெஸ்லரின் உருளைகளும் பிற்காலக் கரைசல்களும் அந்த வேரின் வாயில் வரையே சென்றன.