சீனத்தின் சரக்கு வர்த்தக உபரியும் ஆரணிப் பட்டும்

ஒரு தேசம் அந்நிய நாடுகளுக்கு விற்கும் சரக்கின் மதிப்பு, அது வாங்கும் சரக்கின் மதிப்பை விஞ்சி நிற்கும் மிகுதியே வர்த்தக உபரி எனப்படும். 2024ஆம் ஆண்டில் சீனத்தின் உபரி ஏறக்குறைய 1 லட்சம் கோடி டாலரை எட்டியது. இக்காலத்தில் அதில் பட்டின் பங்கு அற்பமே. ஆயினும், கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியின் நெசவாளர்க்கு அப்பெரும் வர்த்தகம் கைக்கெட்டும் வடிவில் வந்து சேர்ந்தது பட்டு நூலாகவேயாம்.

கச்சாப் பட்டை விற்றுத் தொழில் வளர்த்த கீழ்த்திசை நாடுகளில் ஜப்பான் விசேஷமானது. 1859இல் யோகஹாமாத் துறைமுகம் திறக்கப்பட்டது முதல் பட்டேற்றுமதியால் ஈட்டிய அந்நியச் செலாவணியைக் கொண்டு இயந்திரங்களை வாங்கிய அந்நாடு, 1909 அளவில் சீனத்தையே முந்தியது. நைலான் தோன்றிய பின் அவ்வாணிபம் நலிய, 1970களில் சீனம் முதலிடத்தை மீட்டுக்கொண்டது.

2001 டிசம்பரில் சீனம் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. 2003-04இல் இந்தியா 9,000 டன்னுக்கு மேல் கச்சாப் பட்டை இறக்குமதி செய்தது. அதில் பெரும்பகுதி சீனத்து நூலே. மலிவு மட்டுமே இதற்குக் காரணமன்று. விழுதின் கண்களில் ஓயாது உராய்ந்து, அச்சின் ஒவ்வோர் அடியையும் தாங்கவேண்டிய, தறியில் நெடுக்கே ஓடும் பாவு நூல் சீரான கனமுடையதாயிருத்தல் அவசியம்; உள்நாட்டு மஞ்சள் பட்டுக்கூட்டின் நூல் குறுக்கே ஓடும் ஊடைக்கு உகந்ததேனும், பாவில் அடிக்கடி அறும்; அறுந்த இழையை முடியும் நேரமெல்லாம் நெசவாளியின் கூலியில் குறையும். சீனத்து வெண்பட்டுக்கூட்டின் நூலுக்கு அக்குறை பெரிதும் இல்லை.

ஆனால், தறிக்கு அனுகூலமான அதே விலை, மல்பெரி பயிரிட்டுப் புழு வளர்த்த குடியானவனைத் தாழ்த்திற்று. 2003இல், அந்நியச் சரக்கை அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கும் குவிப்புத் தடுப்புத் தீர்வை விதித்த அரசாங்கம், 2011இல் சுங்கத் தீர்வையை 30 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைத்ததும், 2013இல் 15 ஆக உயர்த்தியதும், இவ்விரு பிரஜைகளுக்கும் இடையே அது பட்ட தத்தளிப்பின் சரித்திரமே. தீர்வை ஒருவனைக் காக்குங்கால் மற்றவனை வருத்தும். உள்நாட்டு வெண்பட்டின் பெருக்கமோ இருவரையும் காக்கும் என்பதால், அதுவே மேலான மார்க்கம். 2018-19இல் கச்சாப் பட்டு இறக்குமதி 3,000 டன்னுக்கும் கீழ் இறங்கியது. சீனத்துடன் இந்தியாவுக்குள்ள மொத்தச் சரக்கு வர்த்தகப் பற்றாக்குறையோ 2024-25இல் 9,900 கோடி டாலரைக் கடந்தது.