கொல்லைவாசல்

செட்டிநாட்டு வீடுகளைக் காப்பாத்தணும்னு இப்ப பலரும் பேசுறாங்க. எனக்கும் அதில் சம்மதம்தான். ஆனா நான் பேசுவது கொல்லைச் சந்தில் நின்றுகொண்டு.

காரைக்குடி வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, கொல்லை. பர்மாத் தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல். எல்லாம் பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கு விட்டுச் சேர்த்த பணம். 1942இல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதோடு அந்த வருமானம் படுத்துவிட்டது. பங்காளிகள் ஊர் ஊராகச் சிதறினார்கள். இடித்த வீட்டுத் தூணும் நிலையும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. சில வீடுகள் ஓட்டலாகிவிட்டன. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின.

எங்க அப்பத்தா நாற்பது வருசம் அந்த வீடுகளுக்குப் போனவள். வளவைப் பார்த்ததில்லை. எடுப்புக் கக்கூசுக்குச் சந்துப்பக்கம் ஒரு ஓட்டை இருக்கும். "ரெண்டு சாண் ஓட்டைடா, குத்தவச்சு கைய விட்டுத்தான் இழுக்கணும்" என்பாள். முடிந்ததும் கொல்லைவாசலில் காத்திருப்பாள். பழைய சோற்றை எட்டி நின்று ஊற்றுவார்கள். சட்டியைத் தாழப் பிடிக்கணும், மேல படக்கூடாது. 1993இல் எடுப்புக் கக்கூசுக்குத் தடைச் சட்டம் வந்தது. அது போதாமல் 2013இல் இன்னொரு சட்டம். ரெண்டையும் பார்க்க அவள் இல்லை.

தூணுக்குக் கணக்கு இருக்கிறது, தேக்குக்குக் கதை இருக்கிறது. அவள் வேலைக்கு இருக்கும் ஒரே எழுத்து அந்த ஓட்டைதான். வீட்டை இடித்தால் அதுவும் போச்சு. புதுப்பித்தாலோ முதலில் அடைப்பதே அதைத்தான். அதனால்தான் இடிக்காதீங்க என்கிறேன், அடைக்கவும் அடைக்காதீங்க.

போன வருசம் சீட்டு வாங்கிக்கொண்டு ஒரு வீட்டின் முன்வாசல் வழியாகவே நுழைந்தேன். வளவில் எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். நான் நேரே கொல்லைக்கு நடந்து, வெளியே சந்தில் இறங்கினேன். சுவரில் செங்கல் வைத்துப் பூசிய தழும்பு தெரிந்தது. பின்னாடியே வந்த தம்பி, "அது ஒண்ணுமில்ல சார், பழைய சன்னலு" என்றார்.

குத்தவைத்து அளந்தேன். ரெண்டு சாண் அகலம், ஒண்ணரைச் சாண் உயரம்.