ஹூக்ளிக் கரையோரம் – 12: ஃபல்தாவில் நங்கூரமிட்ட கிறிஸ்துமஸ்

துர்கா பூஜைக் கூட்டம் வடிந்து கரியாஹாட் நாற்சந்தி கொஞ்சம் மூச்சுவிடுவதற்குள் டிசம்பர் வந்துவிடும். புடவைக் கடைகளுக்கு எதிரே, நடைபாதைக் கடைக்காரர்கள் சிவப்புக் குல்லாய்களையும் பிளாஸ்டிக் மரங்களையும் தொங்கவிட்டிருப்பார்கள். அட்டைப்பெட்டிக் கேக்குகள் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும். வங்காளிகளுக்கு இது 'பொரோதின்'. இந்து, கிறிஸ்தவர் என்ற பேதமில்லாமல் வீட்டுக்கு ஒரு கேக்காவது போய்ச் சேரும். ராஷ்பிஹாரி அவென்யூவிலும் லேக் மார்க்கெட் பக்கத்திலும் குடியிருக்கும் நம் தமிழர்களும் இதில் சேர்த்திதான்.

இந்த வியாபாரம் நடக்கிற மண் 1757 வரை ஆங்கிலேயர் கையில் இல்லை. கல்கத்தாவுக்குத் தெற்கே குல்பி வரையுள்ள நிலத்தின் ஜமீன் உரிமையை அந்த ஆண்டில்தான் வங்காளத்தின் புது நவாப் மீர் ஜாஃபர் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். அதற்குக் காரணமான பிளாசிச் சண்டையைப் பள்ளிக்கூடப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். அதற்கு ஆறு மாதம் முன்பு, இங்கிருந்து தெற்கே சுமார் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஃபல்தாவில் ஒரு கடற்படை கிறிஸ்துமஸைக் கழித்தது. அதைப் பற்றிப் பாடப்புத்தகம் வாயே திறப்பதில்லை. அந்தக் கப்பல்கள் புறப்பட்ட இடம் நம் சென்னை.

1756 ஜூன் 20 அன்று வங்காள நவாப் சிராஜ்-உத்-தௌலா கல்கத்தாவின் வில்லியம் கோட்டையைப் பிடித்தார். பிடிபட்டவர்களைக் கோட்டையின் சிறையறையில் அடைத்துப் பலர் மூச்சுத் திணறிச் செத்த 'இருட்டறை' சம்பவம் நடந்தது அன்றிரவுதான். செத்தவர்கள் எத்தனை பேர் என்ற சண்டை சரித்திர ஆசிரியர்களுக்கிடையே இன்னும் ஓயவில்லை. கோட்டை விழுந்த அதே நாளில் ராபர்ட் கிளைவ் கடலூரில் இருந்தார். தேவனாம்பட்டினத்தில் உள்ள செயின்ட் டேவிட் கோட்டையின் பொறுப்பை ஏற்க அன்றைக்குத்தான் வந்து இறங்கியிருந்தார். கல்கத்தா போய்விட்டது என்ற செய்தி சென்னைக்கு வந்து சேர ஆகஸ்ட் 16 ஆகிவிட்டது.

உடனே படை அனுப்பியிருக்கலாம். ஆனால் ஜார்ஜ் கோட்டை ஆலோசனை சபை இரண்டு மாதம் பேசியது. யார் தலைமை? பிரெஞ்சுக்காரன் வந்தால் சென்னையை யார் காப்பது? அரசரின் 39ஆம் ரெஜிமென்ட் தளபதி அட்லர்கிரான், தலைமை தனக்கு இல்லையென்றால் தன் ஆட்களையும் பீரங்கியையும் தர முடியாது என்று முறுக்கிக்கொண்டார். கடைசியில் தரைப்படைக்குக் கிளைவ், கடற்படைக்கு அட்மிரல் சார்லஸ் வாட்சன் என்று முடிவாகி, கப்பல்கள் பாய் விரித்தது அக்டோபர் 16.

அக்டோபர் 16 என்றால் ஐப்பசி. சோழமண்டலக் கரையில் எந்த மீனவனைக் கேட்டிருந்தாலும் வேண்டாம் என்றிருப்பான். வாடைக்காற்று எழும் அந்த நேரத்தில் கப்பல்கள் இந்தக் கரையை விட்டு விலகிப் போய்விடுவதுதான் அக்கால வழக்கம். வடகிழக்கிலிருந்து அடிக்கிற காற்றை எதிர்த்து வடகிழக்கே போக வேண்டும் என்றால் பாய்மரக் கப்பல் என்ன செய்யும்? வடக்கே போக வேண்டியவை தெற்கே தள்ளப்பட்டன. தென்மேற்குப் பருவத்தில் சில நாட்களில் முடிந்துவிடும் பயணம் இரண்டு மாதம் இழுத்தது. பின்துணை அட்மிரல் போகாக் இருந்த 'கம்பர்லேண்ட்' தரைதட்டி, விசாகப்பட்டினத்துக்குத் திரும்பிப் போனது. 'மார்ல்பரோ' பின்தங்கிவிட்டது. கிளைவின் பீரங்கிகளில் கணிசமானவை இந்த இரண்டு கப்பல்களில்தான் இருந்தன. மீதிக் கப்பல்களில் உணவைக் குறைத்து அளந்தார்கள், தண்ணீருக்கும் பஞ்சம். ஈறு வீங்கிப் பல் ஆடும் ஸ்கர்வி நோய் வேறு.

கொடிக்கப்பல் 'கென்ட்'டில் எட்வர்ட் ஐவ்ஸ் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். பின்னாளில், 1773இல், தன் பயணத்தைப் புத்தகமாக எழுதி வெளியிட்டவர். அட்மிரல்களின் கடிதங்களில் கிடைக்காத சங்கதியெல்லாம் அதில் கிடைக்கும். புண்ணுக்குக் கட்டுப் போட்டவன் பார்த்த போர் அது.

டிசம்பர் நடுவில் 'கென்ட்'டும் 'டைகர்' முதலான மற்ற கப்பல்களும் ஃபல்தா வந்து நங்கூரம் பாய்ச்சின. அங்கே இருந்த காட்சி வந்தவர்களுக்குத் தெம்பு தருவதாக இல்லை. கல்கத்தாவிலிருந்து தப்பிய கவர்னர் ரோஜர் டிரேக்கும் மற்ற வெள்ளைக்காரக் குடும்பங்களும் ஆறு மாதமாக டச்சுக்காரர்களின் அந்தத் துறைமுகத்தருகே கப்பல்களிலும் குடிசைகளிலும் அடைந்து கிடந்தார்கள். சுற்றிலும் சதுப்பு, கொசு, காய்ச்சல். மாற்று உடுப்புக்குக்கூட வழியில்லாதவர்கள் நிறையப் பேர். இவ்வளவிலும் கோட்டை யாரால் போயிற்று என்று ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக் கவுன்சில் கூட்டம் மட்டும் தவறாமல் நடந்தது! முன்கூட்டியே ஜூலையில் சென்னையிலிருந்து மேஜர் கில்பாட்ரிக் தலைமையில் சுமார் 230 பேரை அனுப்பியிருந்தார்கள். எதிரியை நோக்கி ஒரு குண்டுகூடச் சுடாமலே அவர்களில் பாதிப்பேர் காய்ச்சலில் செத்துப்போனார்கள். கிளைவ் வந்தபோது துப்பாக்கி தூக்கும் நிலையில் இருந்தவர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம்.

அந்த அகதிக் கூட்டத்தில் இருபத்துநான்கு வயது குமாஸ்தா ஒருவரும் இருந்தார். பெயர் வாரன் ஹேஸ்டிங்ஸ். இருட்டறையில் கணவரை இழந்த மேரி புக்கானனை அவர் சந்தித்தது ஃபல்தாவில்தான். பிறகு அவரையே மணந்தார். வங்காளத்தின் முதல் கவர்னர் ஜெனரலாகப் போகிறவரின் காதல் கொசுக்கடியில் அரும்பியிருக்கிறது.

1756 டிசம்பர் 25 ஒரு சனிக்கிழமை. கடற்படைக் கிறிஸ்துமஸ் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல சாட்சி ஹென்றி டியோங் என்ற பாதிரியாரின் நாட்குறிப்பு. 1675இல் மத்தியதரைக் கடலில் 'அசிஸ்டன்ஸ்' என்ற போர்க்கப்பலில் இருந்தவர். விடியற்காலை நான்கு மணிக்கே எக்காளக்காரர்கள் கேப்டனின் அறையில் தொடங்கி ஒவ்வோர் அதிகாரியின் கதவுக்கு முன்னாலும் ஊதி வாழ்த்துச் சொன்னார்களாம். பத்து மணிக்கு ஜெபமும் பிரசங்கமும். மதியம் கேப்டன் மேஜையில் மாட்டிறைச்சி, உலர்பழப் புட்டிங், பலவகை ஒயின். அரசருக்கும், ஊரிலிருக்கும் மனைவிமார்களுக்கும் நலம் கோரிக் குடித்திருக்கிறார்கள். இதெல்லாம் மேல்தளத்துப் பெரியவர்களின் கதை. கீழ்த்தளத்து மாலுமிக்கு என்ன கிடைக்கும் என்பதை 1731ஆம் ஆண்டுக் கடற்படை விதிகள் எழுதி வைத்திருக்கின்றன. செவ்வாயும் சனியும் மாட்டிறைச்சி நாட்கள். தலைக்கு இரண்டு பவுண்டு. வியாழன், ஞாயிறு பன்றி இறைச்சி. திங்கள், புதன், வெள்ளி சைவம். நம் குஜராத்தி பனியாக்களை நினைத்து அந்த நாட்களுக்கு 'பனியன் நாள்' என்று மாலுமிகள் பெயர் வைத்திருந்தார்கள். ஆக, அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் விதிப்படியே கறிநாளில் விழுந்தது.

கறி என்றால் பீப்பாயில் மாதக்கணக்காக உப்பில் ஊறிக் கட்டையாகிப் போன கறி. நாலு பவுண்டு இறைச்சிக்குப் பதிலாக மூன்று பவுண்டு மாவும் ஒரு பவுண்டு உலர்திராட்சையும் கொடுக்கலாம் என்று அதே விதி சொல்கிறது. மாவையும் திராட்சையையும் மாட்டுக் கொழுப்போடு பிசைந்து, துணியில் உருண்டையாக மூட்டை கட்டிக் கொப்பரைக் கொதிநீரில் போட்டால் மணிக்கணக்கில் வெந்து வரும். மாலுமியின் புட்டிங் அதுதான். கரியாஹாட் பெட்டிக் கேக்குக்கு அது ஏழைச் சித்தப்பா முறை. குடிக்க, கிழக்கிந்தியக் கடலில் ரம்முக்குப் பதில் நம் பக்கத்துச் சாராயம். மதுவைத் தண்ணீர் கலந்தே கொடுக்க வேண்டும் என்று அட்மிரல் வெர்னன் 1740இல் உத்தரவு போட்டிருந்தார். கலந்ததைச் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் குடிப்பதற்கு எந்த அட்மிரலும் தடை கண்டுபிடிக்கவில்லை. இதன் பலனை இன்னும் நாலு நாளில் பார்ப்போம்.

கப்பலில் வழிபாடு நடத்துவது கேப்டனின் கடமை என்பதுதான் அன்றைய கடற்படைச் சட்டத்தின் முதல் விதி. கரையிலோ நிலைமை வேறு. கல்கத்தாவின் செயின்ட் ஆன் தேவாலயம் ஜூன் மாதச் சண்டையில் நாசமாகிவிட்டது. மூத்த போதகர் பெல்லாமி இருட்டறையில் இறந்தார். இளையவரான மேப்பிள்டாஃப்ட் ஃபல்தாவுக்குத் தப்பி வந்து, அங்கேயே மாண்டார்.

அதே கப்பல்களில் சென்னைச் சிப்பாய்களும் ஏறக்குறைய ஆயிரம் பேர் இருந்தார்கள். தமிழ், தெலுங்கு நாட்டு ஆட்கள். வங்காளத்தில் இவர்கள் எல்லாருக்கும் சேர்த்து 'தெலிங்கா' என்றே பெயர். அவர்களுக்கு அது மார்கழி மாதத்து இன்னொரு நாள். உப்பு மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் ஆகாதவர்கள். அரிசியை நம்பிக் கப்பலேறியவர்கள். ஆற்காட்டிலும் திருச்சியிலும் நிலத்தில் சண்டை பார்த்தவர்களுக்கு, இரண்டு மாதம் கடலில் ஆடிக் கிடந்ததுதான் பெரிய போராக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். வங்காளப் படைச் சிப்பாய்களைக் கப்பலேற்றுவது கம்பெனிக்குக் கடைசிவரை தலைவலியாகவே இருந்தது. சென்னைச் சிப்பாய்களோ இதற்குப் பிறகு 1762இல் மணிலா வரைக்கும் கப்பலில் போனார்கள்.

அந்த வாரம் முழுக்கக் காத்திருப்பு. நவாபுக்கு வாட்சன் டிசம்பர் 17ஆம் தேதியிட்டுக் கடிதம் எழுதியிருந்தார். கிளைவும் எழுதினார். கல்கத்தாவில் நவாபின் ஆளாக இருந்த மாணிக்சந்த், இவ்வளவு காரமான கடிதத்தை நவாபிடம் அனுப்பத் தனக்குத் துணிவில்லை, கொஞ்சம் பதமாக எழுதுங்கள் என்றார். கிளைவ் மறுத்துவிட்டார். பண்டிகை முடிந்த இரண்டாம் நாள், டிசம்பர் 27 அன்று, கப்பல்கள் நங்கூரம் தூக்கின.

முதல் இலக்கு பஜ்பஜ் கோட்டை. கிளைவ் இராமுழுக்கச் சேற்றில் நடந்து, களைத்து, காவல்கூடப் போடாமல் ஒரு பள்ளத்தில் படையைத் தூங்கவிட்டார். விடிந்ததும் மாணிக்சந்த் வந்து விழுந்தார். படுதோல்வியாக முடிந்திருக்க வேண்டியது. ஒரு குண்டு மாணிக்சந்தின் தலைப்பாகையை உரசிப் போக, அவர் பின்வாங்கிவிட்டார். கிளைவின் மேதைமை பற்றி எழுதுகிறவர்கள் இந்த இரவை வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

மறுநாள் காலையில் கோட்டையைத் தாக்குவதாகத் திட்டம். அன்றிரவே 'கென்ட்' கப்பல் மாலுமி ஸ்ட்ராஹன் என்பவன் போதை தலைக்கேறி, அகழியைத் தாண்டி, பீரங்கி உடைத்த மதில் வழியே ஏறிக் கோட்டை தன்னுடையது என்று கத்தினான். உள்ளே காவலுக்கு இருந்த சிலரோடு தனியாக மல்லுக்கட்டியதில் அவன் கத்தி பிடியோடு முறிந்தது. சத்தம் கேட்டுத் தோழர்கள் ஓடிவந்தார்கள். பின்னாலேயே படையும் வந்தது. கோட்டை விழுந்தது. அந்தக் குழப்பத்தில் கம்பெனிப் படையின் கேப்டன் கேம்பெல் சொந்த ஆட்களின் குண்டுக்கே பலியானார். மறுநாள் அட்மிரல் ஸ்ட்ராஹனைக் கூப்பிட்டுக் கட்டுப்பாட்டை மீறியதற்காகக் கண்டித்தார். வெளியே வந்தவன், இதற்குக் கசையடி கொடுத்தால் இனிமேல் வாழ்நாளில் தனியாக ஒரு கோட்டையும் பிடிக்க மாட்டேன் என்று முறையிட்டானாம். ஐவ்ஸ் சொல்கிற கதை இது.

1757 ஜனவரி 2 அன்று கல்கத்தா மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஜூன் 23 அன்று பிளாசி. ஆகஸ்ட் 16 அன்று வாட்சன் கல்கத்தாவிலேயே காய்ச்சலில் இறந்தார். சண்டையில் துளைபட்ட 'கென்ட்' அதற்கு மேல் கடலுக்கு உதவவில்லை. ஸ்ட்ராஹன் மட்டும் பிழைத்தான். ஊர் திரும்பிய பிறகும் அவனுடைய உச்சபட்ச ஆசை, அரசரின் பெரிய போர்க்கப்பல் ஒன்றில் சமையல்காரனாக வேண்டும் என்பதுதான் என்று ஐவ்ஸ் எழுதுகிறார். இரண்டு மாதம் அரைவயிற்றில் கடலைக் கடந்தவனின் ஆசை வேறெங்கே போகும்?

இந்தப் பண்டிகைக் காலத்தில் கல்கத்தா வந்தால், பார்க் ஸ்ட்ரீட் விளக்குகளைப் பார்த்த கையோடு டல்ஹௌசிப் பக்கம் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்துக்கும் போய் வாருங்கள். வாட்சனின் கல்லறை அங்கே இருக்கிறது. 'கென்ட்'டில் குண்டடிபட்டுக் காலிழந்து இறந்த இளம் மிட்ஷிப்மேன் பில்லி ஸ்பீக்கின் கல்லறையும் அங்கேதான். கடலைக் கடந்து வந்த சென்னைச் சிப்பாய்களில் ஒருவர் பெயர்கூட அந்த வளாகத்தில் கிடையாது. சென்னைக்கு உரியதாக அங்கே இருப்பது, ஜாப் சார்னாக்கின் கல்லறைக்காகப் பல்லாவரத்திலிருந்து கொண்டுபோன கருங்கல் மட்டும்தான்.

(தொடரும்)